குப்பை வண்டி வராத ஊர்

ஜப்பானின் ஷிகோகு தீவில் தோகுஷிமா என்றொரு நகரம். அங்கிருந்து மலைப்பாதையில் காரில் ஒரு மணி நேரம் ஏறினால் கமிகாட்சு வந்துவிடும். சுற்றிலும் அடர்ந்த காடு, சரிவுகளில் படிக்கட்டு வயல்கள், ஆங்காங்கே சிதறினாற்போல வீடுகள். மொத்தமே 1,500 பேர்கூட இல்லாத ஊர். அதிலும் பாதிப் பேருக்கு மேல் 65 வயதைத் தாண்டியவர்கள்.

இந்த ஊரில் குப்பை வண்டி ஓடுவதில்லை. காய்கறித் தோலும் மிச்சம் மீதியும் அவரவர் வீட்டிலேயே உரமாகிவிடும். மற்றதையெல்லாம் கழுவி, காயவைத்து, மக்களே மையத்துக்குக் கொண்டுவர வேண்டும். அங்கே 40-க்கும் மேற்பட்ட பெட்டிகள்! நிறமில்லாத பாட்டில், பழுப்பு பாட்டில் எல்லாம் தனித்தனி. பால் அட்டைப்பெட்டியில்கூட உள்பக்கம் வெள்ளையாக இருந்தால் ஒரு இடம், வெள்ளிப் பூச்சு இருந்தால் வேறு இடம். டியூப்லைட், பேட்டரி, சிகரெட் லைட்டர், முகம் பார்க்கும் கண்ணாடி என்று, நாம் எங்கே போடுவதென்று தெரியாமல் பரணில் ஒளித்து வைக்கும் சாமான்களுக்கெல்லாம் அங்கே ஒரு முகவரி உண்டு.

எனக்கு மிகவும் பிடித்தது பெட்டிகளுக்கு மேலே இருக்கும் பலகைகள்தான். இந்தப் பொருள் எங்கே போகிறது, அங்கே என்னவாக மாறுகிறது, இதனால் ஊருக்கு வரவா செலவா, கிலோவுக்கு எத்தனை யென் என்று எழுதியிருக்கும். காகிதமும் உலோகமும் காசு கொண்டுவரும். வேறு சிலவற்றை அனுப்ப ஊர்தான் காசு கொடுக்க வேண்டும். வீட்டுக் கணக்கு எழுதுகிற எந்தப் பெண்மணிக்கும் இது சட்டென்று புரிந்துவிடும்.

ஆசைப்பட்டுத் தொடங்கியதல்ல இது. ஒரு காலத்தில் பெரிய குழியில் எல்லாவற்றையும் கொட்டிக் கொளுத்தியவர்கள்தான் இவர்களும். பிறகு எரியூட்டி அமைத்தார்கள். டையாக்சின் நச்சுக்கு எதிரான விதிகள் கடுமையானதும் 2000-ஆம் ஆண்டோடு அதை மூட வேண்டியதாயிற்று. புதிது கட்டப் பணமில்லை. பிரிப்பதைத் தவிர வேறு வழி இல்லை. 2003-இல், '2020-க்குள் குப்பையே இல்லாத ஊர்' என்று அறிவித்தார்கள். ஜப்பானில் அப்படி அறிவித்த முதல் ஊர் இதுதான்.

2020-இல் புதிய மையம் திறந்தது. வானிலிருந்து பார்த்தால் கேள்விக்குறி வடிவம். ஊர்க்காரர்கள் கொடுத்த சுமார் 700 பழைய ஜன்னல்களைச் சேர்த்துச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். பக்கத்திலேயே ஒரு கடை. வேண்டாத பாத்திரம், துணிமணியைக் கொண்டுவந்து வைக்கலாம். வேண்டியவர் எடைபோட்டுக் குறித்துவிட்டு இலவசமாக எடுத்துப் போகலாம். கேள்விக்குறியின் புள்ளி இருக்குமிடத்தில் நான்கு அறை கொண்ட ஒரு சிறு விடுதி. அங்கே சோப்பைக்கூட முழுதாகத் தருவதில்லை, உங்களுக்கு வேண்டிய அளவு கட்டியிலிருந்து வெட்டித் தருவார்கள். கிளம்பும்போது உங்கள் குப்பையை நீங்களே பிரிக்க வேண்டும். சுற்றுலா போய் இது என்ன வேலை என்று தோன்றும். ஆனால் இதற்காகவே ஆட்கள் வருகிறார்கள்.

சரி, 2020 இலக்கு? எட்டவில்லை. சுமார் 80 சதவீதத்தில் நின்றுவிட்டது. மிச்சம் 20 சதவீதத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்தால், டயப்பர், நாப்கின், ரப்பர், பல பொருள்களைப் பிரிக்க முடியாதபடி ஒட்டிச் செய்த செருப்பு. எத்தனை முறை கழுவிக் காயவைத்தாலும் இவற்றுக்கு வழியில்லை. தயாரிக்கும்போதே அப்படித் தயாரித்துவிட்டார்கள். அதற்குக் கிராமத்துப் பாட்டி என்ன செய்வாள்? அந்தப் பெட்டியின் பெயரே 'எப்படியும் எரித்தே தீர வேண்டியவை' என்பதுதான். யாரையும் குறை சொல்லாமல் குறை சொல்லும் பெயர்!

குழந்தை பிறந்த வீட்டுக்கு ஊர் சார்பில் துணி டயப்பர் பரிசாகப் போகிறது. படுக்கையில் கிடக்கும் முதியவருக்கு அது அவ்வளவு சுலபமில்லை. இதுவோ முதியவர்கள் நிறைந்த ஊர். அந்தப் பெட்டியில் சேர்வதெல்லாம் இன்றும் மலையிறங்கி, வெளியூர் எரியூட்டிக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறது.