48 மணி நேரத்திற்குப் பிறகு

கோயில் வரிசையில் சக்கர நாற்காலியில் ஒருவர் வந்தால் அனைவரும் விலகி வழிவிடுகிறோம். கைகால் நன்றாக இருந்து, மூளையில் மட்டும் காயம் பட்டவருக்கு அந்தச் சலுகை கிடைப்பதில்லை. கூட்டத்தின் இரைச்சல் தாளாமல் அவர் குரலை உயர்த்தினால் முகம் சுளிக்கிறோம். அவருடைய ஊனம் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

என் தம்பி அத்தகையவன். சில ஆண்டுகளுக்கு முன் இருசக்கர வாகன விபத்தில் தலையில் அடிபட்டான். தையல் ஆறி வீடு திரும்பிய அன்று, “தெய்வம் காப்பாற்றிவிட்டது” என்று உறவினர் மகிழ்ந்தனர். உண்மைதான். ஆனால், காலையில் உண்டதை அவன் நண்பகலில் மறந்தான். சிறு ஓசைக்கும் சினந்தான். எண்ணிய சொல் நாவில் வராமல் தவித்தான். இவை குணக்கேடு அல்ல, காயத்தின் விளைவுகள் என்று ஒரு பேச்சுப் பயிற்சியாளர்தான் விளக்கினார். “அண்ணா, இவர் வேண்டுமென்று செய்யவில்லை என்று தெரிந்ததே பாதிப் பாரம் இறங்கியது போல இருக்கிறது” என்றாள் தம்பியின் மனைவி.

தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கப்பெற்ற ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டம், சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி அளிக்க ஏற்பட்டது. உயிர் பிழைக்க அது பேருதவி. பிழைத்தவர் வாழ்வதற்கான உதவியைக் குடும்பத்தார்தாம் தேடிச் செல்ல வேண்டியிருக்கிறது.

முதலாவது, மறுவாழ்வுச் சிகிச்சை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் பாகாயம் மறுவாழ்வு மையமும், பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனமும் இதற்குப் பெயர் பெற்றவை. இயன்முறைச் சிகிச்சை, பேச்சுப் பயிற்சி, உளவியல் ஆலோசனை, குளிப்பது உடுப்பது முதலிய அன்றாடச் செயல்களை மீண்டும் பழக்குதல் ஆகியவை இச்சிகிச்சையின் அங்கங்கள். நாட்குறிப்பும் கடிகார மணியும் கொண்டு மறதியைச் சமாளிக்கவும் கற்பிக்கின்றனர்.

இரண்டாவது, அரசின் சான்று. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 குறிப்பிடும் 21 வகைகளில் தலைக்காயம் என்ற பெயர் தனியே இல்லை. அதைக் கண்டு பலர் திரும்பிவிடுகின்றனர். காயத்தால் நேர்ந்த கைகால் முடக்கமும் பேச்சு, மொழிக் குறைபாடும் அப்பட்டியலில் உள்ளன. மருத்துவர் அவற்றை மதிப்பிட்டு 40 சதவீதத்திற்குக் குறையாமல் சான்றளித்தால் பல சலுகைகளுக்கு வழி திறக்கும். தேசிய அடையாள அட்டைக்கும், தகுதியுடையோர் பராமரிப்பு உதவித்தொகைக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகலாம்.

மூன்றாவது, நான் பல்லாண்டு பணியாற்றிய வங்கித்துறை சார்ந்தது. கையொப்பமிட இயலாத வாடிக்கையாளரின் கைநாட்டை, வங்கிக்கு அறிமுகமான இரு சாட்சிகள் முன்னிலையில் ஏற்கலாம். சாட்சிகளுள் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அலுவலராக இருக்க வேண்டும். இது ரிசர்வ் வங்கியின் நெறிமுறை. கிளையில் மறுத்தால் இதை எடுத்துக் கூறுங்கள். ஆனால், தாம் செய்வதை உணரும் தெளிவையே ஒருவர் இழந்துவிட்டால் கைநாட்டு உதவாது. அவர் முன்பு எழுதித் தந்த சாதாரணப் பவர் பத்திரமும் அப்போது செல்லாது. சட்டப்படி பாதுகாவலரை நியமிக்கக் கோருவதே வழி. கோமாவில் கிடந்த கணவருக்கு மனைவியைப் பாதுகாவலராக 2024-இல் சென்னை உயர்நீதிமன்றம் நியமித்தது. கணவன் மனைவி இருவருள் எவரும் தனித்து இயக்கும் கூட்டுக் கணக்கை, நலமாயிருக்கும்போதே தொடங்கிவிடுவது நன்று.

இவை யாவும் இருந்தும், இரவு பகலாக உடனிருப்பவர் ஒருவரே. என் தம்பி மனைவி பிரதோஷத்துக்குச் சென்று பல மாதங்களாயின. இப்போது அவ்வேளையில் நான் தம்பியுடன் இரண்டு மணி நேரம் அமர்ந்திருக்கிறேன். அவள் சென்று வருகிறாள். அன்பர்களே, உங்கள் தெருவிலும் இப்படி ஒரு வீடு இருக்கக்கூடும். “எப்படி இருக்கிறார்?” என்று வாசலில் கேட்பதோடு நிற்காமல், “நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் போய் வாருங்கள்” என்று சொல்லுங்கள். எந்த அலுவலகமும் வழங்க இயலாத உதவி அது.