வாசனை யாருக்கு?

வெயில் ஏறத் தொடங்கிவிட்டால் எங்கள் குடியிருப்பில் நாய் வளர்ப்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்ததும் நலம் விசாரிப்பதற்கு முன் உண்ணியைத்தான் விசாரிப்பார்கள். காது மடலுக்குள், விரல் இடுக்கில், கழுத்துப் பட்டைக்கு அடியில் என்று ஆளுக்கொரு இடம் சொல்வார்கள். ஆளுக்கொரு வைத்தியமும் சொல்வார்கள். வேப்பெண்ணெய், மஞ்சள், தேங்காய் எண்ணெயில் கரைத்த கற்பூரம். இதில் கற்பூரம் ஆபத்தானது. தோல் வழியாகவும் உள்ளே போகும், நக்கினால் வயிற்றுக்கும் போகும், அளவு மீறினால் வலிப்பு வரை கொண்டுவிடும். இந்த வரிசையில் புதிதாக வந்து சேர்ந்திருப்பது தேவதாரு.

எதிர்வீட்டுக்காரரின் மகள் அமெரிக்காவிலிருந்து வரும்போது தேவதாருச் சீவல் அடைத்த நாய்ப் படுக்கை ஒன்றும், சின்னக் குப்பியில் எண்ணெயும் கொண்டுவந்திருந்தாள். "மோந்து பாருங்க சார், பென்சில் சீவின வாசனை. கெமிக்கல் ஒண்ணும் கிடையாது" என்று மூடியைத் திறந்து நீட்டினார் அவர். நல்ல வாசனைதான். ஆனால் அது என் மூக்குக்கு நல்ல வாசனை. நம் மூக்கில் மணத்தை உணரும் செல்கள் ஐம்பது அறுபது லட்சம் என்றால் நாயின் மூக்கில் இருபது கோடிக்கு மேல். நமக்கு இதமாக இருப்பது அதற்கு எப்படி இருக்கும் என்று குப்பியை நீட்டுகிறவரும் மோந்து பார்க்கிறவரும் யோசிப்பதில்லை.

பென்சில் என்று அவர் சொன்னது மிகச் சரி. அமெரிக்காவில் செந்தேவதாரு என்று விற்கும் மரம் உண்மையில் ஜூனிபர் இனம். காலங்காலமாகப் பென்சில் செய்த மரம் அதுதான். மேற்குக் கரையின் செந்தேவதாரு இன்னொரு மரம், தூயா இனம். இமயமலைச் சரிவில் வளரும் நம் தேவதாரு இந்த இரண்டுமல்ல. காஷ்மீரத்துப் படகுவீடுகள் அதில் செய்தவை. அதன் எண்ணெயைக் குதிரை, மாடு, ஒட்டகங்களின் காலில் பூச்சி அண்டாமலிருக்கத் தடவுவது பழைய வழக்கம். மூன்று மரங்களின் எண்ணெயும் ஒன்றல்ல. ஜூனிபர் எண்ணெயில் செட்ரால் என்ற பொருள் மிகுதி. இமயத் தேவதாருவில் ஹிமாசலீன் வகைகளே முக்கியம். அமெரிக்க விஞ்ஞானிகள் ஆய்வகத்தில் ஜூனிபர் எண்ணெயையும் செட்ராலையும் வைத்து அங்குள்ள கருங்கால் உண்ணியின் குஞ்சுகளைக் கொன்று காட்டியிருக்கிறார்கள். எண்ணெய்க்குச் சக்தி உண்டு என்பதற்கு அது சாட்சி. நம் ஊர்க் கடையில் 'சீடர் ஆயில்' என்று மட்டும் எழுதி விற்கும் குப்பிக்கு அது சான்றிதழ் ஆகாது.

சட்டம் அனுமதித்திருக்கிறதே என்பது அடுத்த வாதம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1996-இல் ஆபத்து குறைந்த பூச்சிக்கொல்லிகளுக்கு ஒரு பட்டியல் போட்டது. அதில் தேவதாரு எண்ணெய் இருக்கிறது. பட்டியலில் உள்ளவற்றை அந்த முகமையிடம் பதிவு செய்யாமலே விற்கலாம். பதிவு இல்லை என்றால் உண்ணி உண்மையிலேயே சாகிறதா என்ற ஆதாரத்தையும் முகமையிடம் காட்டத் தேவையில்லை. குப்பியின் மேல் எழுதியிருப்பதை நம்புவதா என்பது வாங்குபவர் பாடு.

மரத்தின் வாசம் உடம்புக்குள் ஒன்றும் செய்யாது என்றும் சொல்லிவிட முடியாது. 1967-இல் எலியட் வெசெல் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர், செந்தேவதாருச் சீவலில் வளர்ந்த எலிகளின் கல்லீரல் மருந்துகளை வழக்கத்தைவிட வேகமாகச் சிதைப்பதைக் கண்டார். தூக்க மருந்து கொடுத்தால் அந்த எலிகள் சீக்கிரமே விழித்துக்கொண்டன. கூண்டுக்கு அடியில் பரப்பிய சீவல் ஆராய்ச்சி முடிவையே மாற்றியது. மேற்குக் கரையின் செந்தேவதாருவை அறுக்கும் ஆலைத் தொழிலாளர்களுக்கு அந்தத் தூளில் உள்ள பிளிகேட்டிக் அமிலத்தால் ஆஸ்துமா வருவதும் நன்றாகத் தெரிந்த விஷயம். எலியும் ஆலைத் தொழிலாளியும் நாயல்ல. என்றாலும் அவர்கள் நிலையில் ஒன்று கவனிக்கத்தக்கது. எலிக்குக் கூண்டை விட்டு வெளியேற வழியில்லை; தொழிலாளிக்கு வேலையை விட வழியில்லை.

எனக்குத் தோன்றுவது இதுதான். நாய்க்குப் பிடிக்காத வாசனை மூலையில் இருந்தால் அது எழுந்து போய்விடும். முதுகில் இருந்தால் எங்கே போகும்? படுக்கையில் சீவல் போடுவதற்கும் ரோமத்தில் எண்ணெய் தேய்ப்பதற்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவு பெரியது. தடவிய எண்ணெயை நாய் நக்கும், மூச்சோடு இழுக்கும், தோல் சிவந்து அரிக்கவும் கூடும். நீர்க்காத தேயிலை மர எண்ணெய் நாய், பூனைகளின் மேல் பட்டோ உள்ளே போயோ அமெரிக்காவில் பத்தாண்டுகளில் பதிவான நானூறுக்கு மேற்பட்ட சம்பவங்களைக் கால்நடை மருத்துவர்கள் தொகுத்திருக்கிறார்கள்; அவற்றில் பல தள்ளாடின, நடுங்கின. அது வேறு எண்ணெய்தான். ஆனால் இயற்கை என்ற ஒரே சொல்லை நம்பி ஊற்றிய கை எல்லா இடத்திலும் ஒன்றே. வீட்டில் பூனையும் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். இத்தகைய பொருள்கள் பலவற்றைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்குக் குறைவு.

எங்கள் வீட்டு நாய் கருப்பிக்கு வரும் உண்ணி பழுப்பு நாய் உண்ணி. அது தன் வாழ்நாளில் பெரும்பகுதியை நாய்மேல் கழிப்பதில்லை. சுவர் விரிசலிலும் கதவுச் சட்டத்தின் இடுக்கிலும் கழிக்கிறது. இரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணி இறங்கிப்போய் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். படுக்கை எவ்வளவு மணத்தாலும் சுவர் விரிசலுக்கு அந்த மணம் எட்டாது. எர்லிக்கியா கிருமியை நாய்க்குக் கொடுப்பதும் இந்த உண்ணிதான். தட்டணுக்கள் குறைந்து மூக்கில் இரத்தம் கசியும் அளவுக்குப் போகிற நோய் அது. அந்த இடத்தில் வாசனையை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது. உண்ணிக்கு மருத்துவர் தரும் மாத்திரைக்கும் குறை உண்டு. ஐசோக்சஸோலின் வகை மாத்திரையால் சில நாய்களுக்கு வலிப்பு வரலாம் என்று அமெரிக்க மருந்துத் துறை 2018-இல் எச்சரித்தது. ஆனால் அந்தக் குறை எழுதிவைத்த குறை. உங்கள் நாய்க்கு ஏற்கெனவே வலிப்பு உண்டா என்று மருத்துவர் கேட்டுவிட்டுத்தான் எழுதிக்கொடுப்பார். குப்பி எதையும் கேட்பதில்லை.

அப்படியானால் தேவதாருவால் நாய் வீட்டுக்கு நன்மையே இல்லையா? உண்டு, துணி அலமாரியில். பாச்சை உருண்டையை நாய் விழுங்கினால் அதிலுள்ள நாப்தலீன் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். ஒன்றிரண்டு உருண்டையே விபரீதம். அதை எடுத்துவிட்டுத் தேவதாருக் கட்டையை வைத்தால் அந்துப்பூச்சியை ஓரளவு தடுக்கும். வாசம் போய்விட்டால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் மறுபடி வரும். நாய்க்குட்டி கடித்தாலும் விஷம் இல்லை, சிராய்தான் தொண்டையில் குத்தும். படுக்கைக்குள் சீவல் போடுவதிலும் நியாயம் இருக்கிறது. ஈரத்தை இழுக்கும், நாய் நாற்றத்தை அமுக்கும். சூளையில் உலர்த்திய சீவலாக இருக்க வேண்டும். வாசம் எவ்வளவு குறைவோ நாய்க்கு அவ்வளவு நல்லது. கெட்டி உறைக்குள் தைத்திருக்க வேண்டும். மூடிய பெட்டிக்குள் ஈன்ற நாய்க்கும் கண் திறக்காத குட்டிகளுக்கும் வேண்டவே வேண்டாம்.

எதிர்வீட்டுக்காரரிடம் எண்ணெயைத் தடவ வேண்டாம் என்றேன். படுக்கையை வேண்டாம் என்று சொல்லவில்லை. அதன் பக்கத்திலேயே ஒரு பழைய சாக்கையும் போட்டு வையுங்கள் என்றேன். சில நாள் கழித்து நாய் எதில் படுக்கிறதோ அதை வைத்துக்கொண்டு மற்றதைத் தூக்கிப் பரணில் போடலாம். மகளுக்குப் பதில் சொல்வது அவர் பொறுப்பு.