எங்கள் பாலு

நாங்கள் மூவர் ஒரே வீட்டுப் பிள்ளைகள். மூத்தவள் பத்தாம் வகுப்பு, அடுத்தவள் எட்டு, கடைக்குட்டி ஐந்து. ஆண்டு மலருக்குக் கட்டுரை தாருங்கள் என்று மூன்று வகுப்பிலும் கேட்டார்கள். மூவருக்குமே நினைவில் வந்தது பாலுதான். எனவே ஒன்றாக உட்கார்ந்து எழுதியிருக்கிறோம். பாலு ஒரு நாய். ஆயினும் 'அது' என்று எழுதக் கை வரவில்லை. அஃறிணைக்கு 'அவன்' போட்டதற்காகத் தமிழாசிரியை எங்களை மன்னித்தருள வேண்டும்.

2021ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம். கொரோனாவினால் பள்ளிகள் மூடிக் கிடந்தன. வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்து, நாங்கள் ஒருவர் முடியை ஒருவர் பிடித்து இழுக்கும் நிலைக்கு வந்துவிட்டோம். ஒரு நாள் அப்பா ராஜபாளையம் போய்விட்டு வரும்போது ஒரு பனையோலைக் கூடையுடன் வந்தார். உள்ளே 45 நாள் குட்டி! பாலில் தோய்த்தெடுத்தாற்போல் உடம்பெல்லாம் வெள்ளை. மூக்கு மட்டும் ரோஜாப்பூ நிறம். இவ்வினத்தின் அழகே அந்த மூக்குத்தானாம். 2005ஆம் ஆண்டு ஜனவரியில் நம் அஞ்சல் துறை நான்கு இந்திய நாயினங்களுக்குத் தபால் தலை வெளியிட்டதையும், அவற்றுள் ராஜபாளையமும் ஒன்று என்பதையும் அப்பா அன்று பத்து முறையாவது சொல்லியிருப்பார்.

ஒரு வாரம் கழித்துத்தான் பாலுவுக்குக் காது கேட்காது என்று தெரிந்தது. தட்டைக் கீழே போட்டாலும் திரும்பவில்லை. வெள்ளை நிறமான ராஜபாளையம் குட்டிகளில் பிறவிச் செவிடு உண்டு என்று பிறகு அறிந்தோம். ஆச்சிக்கு மனம் ஒடிந்துவிட்டது. "காவலுக்கு வாங்கின நாய்க்குக் காது கேக்காதுன்னா எப்படிய்யா?" என்றார்கள். திருப்பிக் கொடுத்துவிடலாமா என்ற பேச்சும் எழுந்தது. கடைக்குட்டி கூடையின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டதால் அந்தப் பேச்சு அத்துடன் முடிந்தது.

அவனை எப்படிக் கூப்பிடுவது? தரையைக் காலால் ஓங்கி மிதிப்போம். அந்த அதிர்வு அவன் பாதத்துக்கு எட்டியதும் துள்ளி எழுந்து ஓடி வருவான். ஒரு மிதி என்றால் 'வா', இரண்டு மிதி என்றால் சோறு. அடுத்த வீட்டார் நாங்கள் பரதநாட்டியம் படிப்பதாக நினைத்துக்கொண்டார்களாம்! தீபாவளி அன்று தெரு நாய்களெல்லாம் வெடிச் சத்தத்துக்குப் பயந்து கட்டிலுக்கு அடியிலும் சாக்கடையிலும் ஒளிய, எங்கள் பாலு வாசலில் கால் நீட்டிப் படுத்து உறங்குவான். தெருவிலேயே பெரிய வீரன் அவன்தான் என்று எல்லாரும் மெச்சுவார்கள். உண்மை எங்களுக்குத்தானே தெரியும்!

2023ஆம் ஆண்டு அக்டோபரில் முதல் மழை பெய்தபின் அவன் காதிலும் விரலிடுக்கிலும் உண்ணி ஏறிற்று. மாலைதோறும் பிடுங்கி மண்ணெண்ணெய்க் கிண்ணத்தில் போடுவோம். யார் அதிகம் பிடுங்குவது என்று போட்டி வேறு. உண்ணி நாயின் மேல் மட்டும் வாழ்வதில்லை, ரத்தம் குடித்து முடித்ததும் இறங்கிப் போய்ச் சுவர் வெடிப்பில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும் என்பது அப்போது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அவன் படுக்கும் திண்ணைச் சுவரில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் கறிச்சோற்றை முகர்ந்துவிட்டு விலகிப் போனான். "பித்தமா இருக்கும், புல்லைத் தின்னா சரியாப் போகும்" என்றார்கள் ஆச்சி. நாங்களும் நம்பினோம். பரீட்சை நேரம் வேறு. செவ்வாய்க்கிழமை மாலைதான் ஆட்டோவில் ஏற்றிக் கால்நடை டாக்டரிடம் கொண்டுபோனோம். அந்த இரண்டு நாளும் எங்கள் கணக்கில் சேர வேண்டியவை. அதை மறைக்க விரும்பவில்லை.

டாக்டர் மிகவும் களைத்திருந்தார். வெப்பமானி வைத்தார், 104 டிகிரி. "காய்ச்சல்தான். மூணு நாளில் சரியாகிடும்" என்று ஓர் ஊசி போட்டார். நடுவிலவள் துணிந்து, "சார், உடம்பெல்லாம் உண்ணி இருக்கு" என்றாள். "நாய்னா உண்ணி இருக்கத்தாம்மா செய்யும்" என்று சொல்லி, அடுத்தவரை உள்ளே வரச் சொன்னார். வாயைத் திறந்து பார்க்கவில்லை. வயிற்றைத் தொட்டுப் பார்க்கவில்லை. இரண்டு நிமிடம்கூட ஆகியிராது.

அன்றிரவே பாலு பால்சோறு தின்றான்! நாங்கள் குதித்த குதியில் அவன் 'வா' என்கிறோம் என்றெண்ணி எழுந்து எழுந்து வந்தான். டாக்டரைப்போல் உண்டா என்று புகழ்ந்தோம். வியாழன் காலை மறுபடியும் சோறு வேண்டாம் என்றான். மீண்டும் போனோம். டாக்டர் வெளியே போயிருந்தார். அங்கிருந்த உதவியாளர் தொலைபேசியில் கேட்டுவிட்டு, அதே ஊசியைப் போட்டு அனுப்பினார்.

வெள்ளிக்கிழமை கடைக்குட்டி சொன்னாள்: "அக்கா, பாலு மூக்கு வெள்ளையாயிட்டு."

"அவன்தான் முழுசும் வெள்ளையாச்சே" என்று சிரித்துவிட்டோம். ஆம் தோழியரே, சிரித்தோம். ரோஜாப்பூ மூக்கு சுண்ணாம்பாய் வெளுத்திருந்ததை அவள் ஒருத்திதான் கண்டாள். அன்று மாலை அவன் சிறுநீர் காப்பித் தண்ணீர்போல் போனதைப் பார்த்து அம்மாதான் அலறினார்கள்.

சனிக்கிழமை விடியற்காலை வேன் பிடித்து வேறோர் ஊரில் இன்னொரு டாக்டரிடம் போனோம். அந்த அம்மா முதலில் செய்த காரியம், பாலுவின் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தது. ஈறு காகிதம்போல் இருந்தது. பிறகு காது நுனியில் ஊசியால் குத்தி ஒரே ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார்கள். கண்ணாடித் தகட்டில் தேய்த்து, சாயம் ஏற்றி, உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தார்கள். மூத்தவளையும் பார்க்கச் சொன்னார்கள். சிவப்பணுக்களுக்குள் இரண்டிரண்டாகப் பேரிக்காய் வடிவில் ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தன. உண்ணிக் காய்ச்சல்! உண்ணி கடிக்கும்போது உள்ளே புகும் கிருமி சிவப்பணுக்களை உடைத்துக்கொண்டே போகிறது. அதனால்தான் சிறுநீர் கறுத்தது, மூக்கு வெளுத்தது. சோதனை முழுவதும் அரைமணி நேரத்தில் முடிந்துவிட்டது.

அதற்கென்று உள்ள மருந்தைப் போட்டார்கள். வேறு நாயின் ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார்கள். மாமா வீட்டு நாயை அழைத்துவர அப்பா ஓடினார். அவர் திரும்பி வருமுன் பாலு நடுவிலவள் மடியில் தலையை வைத்தபடியே போய்விட்டான். இரண்டு வயது மூன்று மாதம்.

"நாலு நாள் முன்னால கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பானா?" என்று அப்பா கேட்டார். "வாய்ப்பு நிறைய இருந்தது. உறுதியாகச் சொல்ல முடியாது" என்றார்கள் அந்த அம்மா. நாலு நாள் முன்னால் என்றால் செவ்வாய்க்கிழமை. அன்றைக்கு நாங்கள் ஒரு டாக்டர் முன்னால்தானே நின்றோம்! வீடு திரும்பும் வழியெல்லாம் ஒருவரும் பேசவில்லை.

பத்து நாள் கழித்து அப்பா எங்களையும் அழைத்துக்கொண்டு முதல் டாக்டரிடம் போனார். சண்டை போடக் கூடாது, ஒரே ஒரு கேள்விதான் என்று சொல்லியே கூட்டிப் போனார். "ஏன் சார் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்கல?" இதைக் கேட்டவள் மூத்தவள்.

அவர் கோபிப்பார் என்று நினைத்தோம். கோபிக்கவில்லை. நாளெல்லாம் ஊர் ஊராக மாடுகளுக்கு ஊசி போட்டுவிட்டு மாலையில் வந்து உட்காருவதாகவும், காய்ச்சலோடு வரும் நாய்களில் பெரும்பாலானவை அந்த ஊசிக்கே குணமாகிவிடுவதாகவும் சொன்னார். சற்று நேரம் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "பார்த்திருக்கலாம்" என்றார். அவ்வளவுதான். மன்னியுங்கள் என்று சொல்லவில்லை.

கால்நடை மருத்துவர்கள் 1984ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவு செய்துகொண்டு தொழில் செய்பவர்கள் என்றும், அவர்களுக்கென உள்ள மன்றத்துக்கு எழுதலாம் என்றும் அப்பா விசாரித்து வந்தார். மூத்தவள் நல்ல கையெழுத்தில் நான்கு பக்கம் எழுதினாள். அதில் ஞாயிறு, திங்கள் இரண்டு நாளையும் சேர்க்க வேண்டும் என்று அம்மா சொன்னார்கள். சேர்த்தோம். சுவர் வெடிப்பை? அதையும் சேர்த்தோம். எழுதி முடித்தபோது, யார் மேல் குற்றம் சாட்டுகிறோம் என்று எங்களுக்கே குழப்பமாகிவிட்டது. நம் ஊரில் ஒரே பசுவை வைத்துப் பிழைப்பவர்கள் பலர் நடுராத்திரியில் கூப்பிட்டாலும் அவர்தான் போகிறார் என்று ஆச்சி நினைவூட்டினார்கள். கடிதம் பீரோவில் இருக்கிறது.

வெடிப்பை அப்பா சிமெண்டு வைத்துப் பூசிவிட்டார். நாய் வளர்க்கும் தோழியருக்கு ஒன்று சொல்லிவைக்கிறோம். அது சோறு தின்னவில்லை என்றால் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். வெளுத்திருந்தால் அன்றைக்கே ஓடுங்கள். ரத்தம் பார்க்கச் சொல்லிக் கூசாமல் கேளுங்கள். எங்களுக்குக் கேட்கத் தெரியவில்லை.

டாக்டரை மன்னித்துவிட்டோம் என்று இக்கட்டுரையை முடிக்கலாமே என்று மூத்தவள் சொன்னாள். நடுவிலவள் ஒப்பவில்லை. பாலு தன் மடியில்தான் போனான் என்றும், தான் இன்னும் மன்னிக்கவில்லை என்றும், அப்படியே அச்சிட வேண்டும் என்றும் சொல்கிறாள். கடைக்குட்டியைக் கேட்டோம். அவள் பதில் சொல்லாமல் திண்ணைக்குப் போய்த் தரையை ஒரு முறை மிதித்துவிட்டு வந்தாள்.