பேட்ச் பார்த்த கதை

ஆபீஸ்ல ஆணி புடுங்கி முடிச்சுட்டு ராத்திரியில நான் புடுங்குற இன்னொரு ஆணி, கிட் மென்பொருளுக்கு வர்ற பேட்ச்களைப் படிச்சு சோதிக்கிறது. 2005 ஏப்ரல்ல லினஸ் டோர்வால்ட்ஸ் ஆரம்பிச்சு, சில மாசத்துலயே ஜூனியோ ஹமானோ கையில ஒப்படைச்ச அதே கிட் தான். யார் வேணும்னாலும் மெயில்ல பேட்ச் அனுப்பலாம், யார் வேணும்னாலும் அதுல குத்தம் சொல்லலாம். ரெண்டாவதுக்கு நமக்கு சொல்லியா தரணும் :)

போன மாசம் புதுசா ஒருத்தர். அவரோட முதல் பேட்ச். காலியான ரெப்போவுல ஒரு கட்டளை, சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லிட்டு கடைசியில கிராஷ் ஆகுது. அதைச் சரி பண்ணி, கூடவே ஒரு டெஸ்டும் எழுதியிருந்தார். 'கிட் ஏஎம்' போட்டு ஒட்டினேன், 'மேக் டெஸ்ட்' ஓட விட்டேன். டீ குடிச்சுட்டு வந்து பார்த்தா எல்லாமே பாஸ். பாவம், முதல் பேட்ச் ஆச்சே.. 'டெஸ்டட்-பை'ன்னு என் பேரையும் போட்டு பதில் தட்டிட்டு தூங்கப் போயிட்டேன்.

காலையில இன்னொருத்தர்கிட்ட இருந்து ஒரே வரிக் கேள்வி: பேட்ச் இல்லாம அந்த டெஸ்ட்டை ஓட்டிப் பார்த்தீங்களா?

ஓட்டினேன். பழைய கோடுலயும் பாஸ்!

காரணம் ஒரு பைப். கட்டளையோட வெளியீட்டை நேரா 'கிரெப்'புக்குத் தள்ளியிருந்தார். பைப்புல கடைசியா நிக்கிறவன் சொல்றதுதான் ஷெல்லுக்கு வேதவாக்கு. முன்னாடி கிட் செத்து விழுந்தாலும், தேடின வார்த்தை கிரெப்புக்கு கிடைச்சுட்டா பாஸ். அதனாலதான் வெளியீட்டை முதல்ல ஒரு கோப்புல எழுது, அப்புறம் தேடுன்னு கிட் டெஸ்ட்களுக்கு விதியே இருக்கு. நானே நாலு பேருக்கு சொன்ன விதி!

அப்படி மாத்தி ஓட்டினா பழைய கோடு ஃபெயில். சரிதான். பேட்ச் போட்ட கோடும் ஃபெயில்! வயித்துல புளியைக் கரைச்சுது. ரெண்டு இடத்துல கிராஷ், அவர் அடைச்சது ஒண்ணைத்தான். நான் குடுத்த வரி அப்படியே வரலாற்றுல ஏறியிருந்தா, அந்தப் பொய் அங்கேயே நின்னிருக்கும். கடைசியில திட்டு விழுறது அவருக்கு.

எல்லாருக்கும் தெரியற மாதிரியே மன்னிப்பு கேட்டு, நான் கண்டதை எழுதினேன். ரெண்டே நாள்ல ரெண்டாவது வெர்ஷன் வந்துச்சு. இந்த தடவை முதல் வேலையா டெஸ்ட்டை மட்டும் பழைய கோடுல ஓட்டி, அது ஃபெயில் ஆகுதான்னு பார்த்தேன். ஆச்சு. ஃபெயிலைப் பார்த்து சந்தோஷப்பட்டது வாழ்க்கையில இதுதான் முதல் தடவை.

டிஸ்கி: பேட்ச் இப்போ 'சீன்' கிளையில இருக்கு. நம்மூர்ல போடுற சீன் இல்லீங்க, 'பார்த்தாச்சு'ன்னு அர்த்தம். 2020 வரைக்கும் அதுக்கு 'பியூ'ன்னு பேரு. இந்த தடவை நிஜமாவே பார்த்தாச்சு.