தில்லியிலிருந்து சான்பிரான்சிஸ்கோ எவ்வளவு தூரம்?

அமெரிக்காவின் மேற்குக் கரையில் மகனோ மகளோ உத்தியோகம் பார்க்கும் குடும்பங்கள் நம்மிடையே பெருகிவிட்டன. பேரப்பிள்ளையைக் காணப் பெட்டி கட்டும் பெரியவர்கள், “சான்பிரான்சிஸ்கோ எத்தனை தூரம்? எத்தனை மணி நேரம்?” என்று ஒரே மூச்சில் கேட்கிறார்கள். இருப்புப்பாதை அலுவலகத்தில் தூரப் பட்டியல் புரட்டும் நமக்கு இவ்விரண்டும் ஒரே கேள்விதான். தில்லியிலிருந்து சென்னைக்குத் தண்டவாளம் ஏறக்குறைய 2,180 கிலோமீட்டர். போகவும் வரவும் தூரம் ஒன்றே. காலமும் ஏறத்தாழ ஒன்றே. ஆகாய மார்க்கத்தின் இலக்கணமோ வேறு.

பூகோள உருண்டை ஒன்றில் இவ்விரு நகரங்களுக்கும் இடையே ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். அது இமயத்தைத் தாண்டி, சைபீரியாவின் மேலேறி, வடதுருவப் பக்கத்துப் பனிக்கடலைக் கடந்து, அலாஸ்கா வழியே இறங்கும். அதன் நீளம் சுமார் 12,400 கிலோமீட்டர். இதுவே மிகக் குறுகிய வழி.

ஆயினும் விமானம் எப்போதும் நூல் பிடித்துப் போவதில்லை. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்றாறு ஓடுகிறது. ஜெட் ஸ்ட்ரீம் என்பது அதன் பெயர். மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேலும் அது வீசுவதுண்டு. ஏர் இந்தியா 2015 டிசம்பரில் இவ்வூர்களுக்கிடையே நேர்விமானம் விட்டபோது, அது மேற்கே அட்லாண்டிக் வழியாகச் சென்றது. தூரம் சுமார் 13,900 கிலோமீட்டர். 2016 அக்டோபரில் அதே விமானம் கிழக்கே திரும்பிப் பசிபிக் மாக்கடலைக் கடந்தது. தூரம் 15,300 கிலோமீட்டராக வளர்ந்தது; பயணமோ ஏறத்தாழ இரண்டு மணி நேரம் குறைந்து, 14½ மணியில் முடிந்தது! போகும்போது பசிபிக், வரும்போது அட்லாண்டிக் என்று இருமுறையும் காற்றோடு சென்றால், மயிலேறிய முருகனைப் போல உலகையே வலம் வந்தவராகிறோம்.

காற்று மட்டுமன்றி நாடுகளின் பிணக்கும் வழியை நீட்டும். பாகிஸ்தான் தன் வான்வெளியை 2019 பிப்ரவரி முதல் ஜூலை வரை பெரும்பாலும் மூடியிருந்தது. 2025 ஏப்ரலில் இந்திய விமானங்களுக்கு மறுபடியும் மூடியது. தில்லியிலிருந்து மேற்கே சென்ற நம் விமானங்கள் அப்போது அரபிக்கடல் பக்கம் சுற்றிப்போக நேர்ந்தது.

இனிக் கடிகாரக் கணக்கு. கோடையில் அவ்வூர் நமக்கு 12½ மணி நேரம் பின்தங்கியது. குளிர்காலத்தில் 13½ மணி. கோடையில் தில்லியை அதிகாலை 4 மணிக்கு விட்டு 14½ மணி பறந்தால், அங்கே அதே நாள் காலை 6 மணிதான்! திரும்புகையில் இந்த லாபம் நஷ்டமாகிவிடும். திங்கள் காலை 10 மணிக்கு அங்கே ஏறி 16 மணி பறப்பவர் தில்லியில் இறங்குவது செவ்வாய் பிற்பகல் 2½ மணிக்கு. அதன்பின் சென்னைக்கு ஏறக்குறைய மூன்று மணி நேர விமானம். அப்பால் சொந்த ஊருக்குச் சாலை.

ஊரில் பெரியவர் ஒருவர் கண்மூடினால், கொள்ளிவைக்க வேண்டிய பிள்ளைக்காக வீடே காத்திருக்கும். “பதினாறு மணி நேரந்தானே!” என்று எண்ணி நேரம் குறித்துவிட்டால், பிள்ளை வந்து சேருமுன் எல்லாம் முடிந்துவிடும். ஆகவே கிலோமீட்டரைக் கேட்பதோடு நில்லாமல், எந்த வழி, இடையில் இறங்குமா, இந்திய நேரப்படி எந்நாள் எம்மணிக்கு வரும் என்று மூன்றையும் கேட்டு எழுதிவைப்போம். பிள்ளை முகம் பார்க்கும் நேரம் அதில்தான் அடங்கியிருக்கிறது.