பதினெட்டா, ஆறா?

ஜாவாஸ்கிரிப்டில் பணக் கணக்கு எழுதிப் பழகியவர்களுக்கு 9007199254740991 என்ற எண்ணைக் கண்டால் வயிற்றில் லேசாகப் புளி கரையும். இரண்டின் 53-ஆம் அடுக்கில் ஒன்று குறைத்தால் வருவது அது. அந்த மொழியின் சாதாரண எண் வகை முழு எண்களைப் பிசகாமல் பிடித்து வைத்திருப்பது அதுவரைக்கும்தான். அதற்கு மேலே போனால் கடைசி இலக்கங்கள் தன்னிஷ்டத்துக்கு மாறும். பிழைச் செய்தி ஒன்றும் வராது. புடவைக் கடைக்கோ பஸ் டிக்கெட்டுக்கோ தளம் செய்து கொடுப்பவருக்கு இந்த எல்லை ஆயுளுக்கும் குறுக்கே வராமல் போகலாம். கிரிப்டோ பக்கம் வந்தால் சீக்கிரமே வந்து நிற்கும்.

அதிலும் பிட்காயினில் வராது என்பதுதான் வேடிக்கை. ஒரு பிட்காயின் என்பது பத்துக் கோடி சடோஷி. மொத்தமே 2.1 கோடி பிட்காயினுக்கு மேல் உருவாக வழியில்லை. இரண்டையும் பெருக்கினால் 2100000000000000. உலகத்தில் உள்ள பிட்காயின் அத்தனையையும் சடோஷியாக மாற்றி ஒரே மாறியில் போட்டாலும் எல்லைக்குள் அடங்கிவிடும். எத்தீரியத்தின் நாணயமான ஈத்தரின் கதை வேறு. ஒன்றுக்குப் பின்னால் 18 சுழியம் போட்டால் அத்தனை வெய் சேர்ந்தது ஒரு ஈத்தர். அந்த எண் வகை பிசகாமல் தாங்குவது ஏறக்குறைய 0.009 ஈத்தர் வரை. பிட்காயின் வாலட்டில் வருடக்கணக்கில் ஒழுங்காக ஓடிய பத்து வரியை ஒருவர் இன்னொருவருக்குக் கொடுக்கிறார். வாங்கியவர் டெசிமல் எட்டு என்று இருந்த இடத்தில் பதினெட்டு என்று மாற்றுகிறார். வரி அதேதான், அது நம்பியிருந்த தரை காலடியில் இல்லை.

இதைச் சோதித்துப் பார்த்தால் அகப்படாது. 1 ஈத்தர் அனுப்பினால் சரியாகப் போகும். 2, 5, 10 எல்லாமே சரி. உருண்டையான தொகைகள் இரும எண்ணில் பிசிறில்லாமல் உட்கார்ந்துவிடும். 1.1 என்று கொடுத்துப் பெருக்கினால் உள்ளே நிற்கும் மதிப்பு 1100000000000000128. கூடுதலாக 128 வெய். காசாகப் பார்த்தால் அது தூசிகூட இல்லை. ஆனால் ‘இருப்பு முழுவதையும் அனுப்பு’ என்ற பொத்தானுக்குப் பின்னால் அந்தக் கணக்கு இருந்தால், இருப்பதைவிட ஒரே ஒரு துளி கூடக் கேட்டாலும் பரிவர்த்தனை திரும்பி வரும். “பேலன்ஸ் இருக்கே, ஏன் போகலை?” என்று பயனர் கேட்பார். சோதனை செய்பவர்கள் எப்போதும் உருண்டையான தொகையைத்தான் போடுகிறார்கள். மனித சுபாவம்.

மருந்து எல்லோருக்கும் தெரிந்ததுதான். தொகையை எழுத்துச் சரமாகவே வாங்கி, தசம எண்ணாக ஒரு கணம்கூட ஆக்காமல், நேராகப் பெரிய முழு எண்ணாக மாற்ற வேண்டும். 2020-இல் மொழியின் தரத்திலேயே பிக்இன்ட் வந்துவிட்டது. அதற்கு முன்னால் தனி லைப்ரரிகள் இருந்தன. வரியைக் கொடுக்கிறவர் அந்தச் சுற்றுவழியோடுதான் கொடுக்கிறார். ஏன் சுற்றினார் என்பதை எழுதுவதில்லை. ஆறு மாதம் கழித்து வேறொருவர் வருகிறார், “இதுக்கு எதுக்கு இவ்வளவு?” என்று நான்கு வரியை ஒன்றாக்குகிறார், கோட் ரிவ்யூவில் பாராட்டும் கிடைக்கிறது.

2016 ஜூனில் எத்தீரியத்தில் ‘தி டாவ்’ என்ற பொது நிதியிலிருந்து சுமார் 36 லட்சம் ஈத்தர் உருவப்பட்டதும் வரிகளின் வரிசையால்தான். பணத்தை முதலில் அனுப்பிவிட்டு அப்புறம் கணக்கில் கழித்தார்கள். அந்த இடைவெளியில் வாங்கியவரின் காண்ட்ராக்ட் (செயினில் ஓடும் நிரல்) மறுபடி உள்ளே நுழைந்து மறுபடி கேட்டது. முதலில் சரிபார், பிறகு கணக்கில் கழி, கடைசியில்தான் வெளியே அனுப்பு என்ற வரிசை இன்று காண்ட்ராக்ட் எழுதும் ஒவ்வொரு சொலிடிட்டி நிரலாளரின் குறிப்பேட்டிலும் இருக்கிறது. அந்த வரிசையைக் கலைத்து ‘அழகாக்கிய’ நிரல்களை நானே ரிவ்யூவில் தடுத்திருக்கிறேன். அழகாகத்தான் இருந்தன.

என்னோடு வேலை பார்த்த ஒருவர் எல்லாவற்றையும் ஒரே டெக்ஸ்ட் ஃபைலில் வைத்திருந்தார். தலைப்பு கிடையாது, வண்ணம் கிடையாது. பாதி தமிழ், பாதி தங்கிலீஷ், நடுநடுவே யாரையோ திட்டியிருப்பார். யார் கேட்டாலும் ஃபைலையே அனுப்பிவிடுவார், தனியாக வெட்டித் தரமாட்டார். “துண்டா எடுத்துட்டுப் போனா நாளைக்கு என்கிட்டயே வந்து ஏன் ஓடலைன்னு கேப்பீங்க” என்பார். அதில் டாலரோடு கட்டிய நாணயமான யுஎஸ்டிடி பற்றி ஒரு பத்தி. எத்தீரியத்தில் அதற்கு ஆறு டெசிமல், பதினெட்டு இல்லை. பைனான்ஸின் பிஎன்பி செயினில் அதே பெயரில் புழங்கும் நாணயத்துக்குப் பதினெட்டு. எண்ணைக் கையால் எழுதாதே, டெசிமல் எத்தனை என்று காண்ட்ராக்ட்டையே கேள். எத்தீரியத்தில் அப்ரூவல் தொகையை மாற்ற வேண்டுமானால் முதலில் சுழியமாக்கு, பிறகு புதுத் தொகை போடு. நேராக மாற்றினால் ரிவர்ட் ஆகும். டிரான்ஸ்ஃபர் முடிந்ததும் ஆம் என்றோ இல்லை என்றோ அது பதில் சொல்லாது, பதிலை எதிர்பார்த்து எழுதிய கோட் உடையும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு தேதி, எந்தச் செயினில் ஓட்டிப் பார்த்தது என்று ஒரு சொல்.

ஆறுக்கும் பதினெட்டுக்கும் நடுவில் இருப்பது லட்சம் கோடி மடங்கு. ஐந்து டாலர் என்று நினைத்து ஐந்து லட்சம் கோடி டாலருக்கு அனுமதி கொடுக்கலாம், அல்லது ஐந்து டாலர் இருப்பவருக்குத் திரையில் வெறும் சுழியங்களைக் காட்டலாம். இரண்டாவதைப் பயனர் உடனே சொல்லிவிடுவார். முதலாவதை யாரும் சொல்லமாட்டார்கள்.

நான் பார்த்த பளபளப்பான தொழில்நுட்பக் கட்டுரைகள் பலவற்றைவிட அந்த ஃபைல் உருப்படியானது. கட்டுரை எழுதுகிறவர் ஓடியதைக் காட்டுகிறார். தனக்காகக் குறித்து வைப்பவர் ஓடாததையும் எழுதுகிறார். வேறொரு நோயாளிக்கு எழுதிய மருந்துச் சீட்டை வாங்கிப் போய் மாத்திரை விழுங்குவது போலத்தான் வெறும் வரியை வாங்கிக்கொள்வதும். மாத்திரை நல்ல மாத்திரையாகவே இருக்கலாம்.

சொலிடிட்டியில் நிரலின் தொடக்கத்திலேயே எந்தக் கம்பைலர் பதிப்பு என்று ஒரு வரி எழுதுவார்கள். காப்பி செய்யும்போது பெரும்பாலும் விட்டுப்போவது அதுதான், ஏனென்றால் நமக்கு வேண்டியது நடுவில் இருக்கும் ஃபங்ஷன். 2020 டிசம்பரில் வந்த 0.8.0 பதிப்பிலிருந்து கூட்டல் கழித்தலில் எண் வழிந்தால் கம்பைலரே சேர்க்கும் சோதனை தடுத்து நிறுத்திவிடும். அதற்கு முன்பெல்லாம் சேஃப்மேத் என்ற லைப்ரரியைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். பழைய துண்டைப் புதிய நிரலில் ஒட்டினால் கொஞ்சம் கேஸ் கட்டணம் வீண், அவ்வளவுதான். புதிய துண்டைப் பழைய காண்ட்ராக்டில் ஒட்டினால், சுழியத்திலிருந்து ஒன்றைக் கழித்ததும் கற்பனைக்கு எட்டாத பெரிய எண் வந்து நிற்கும், சத்தமே இல்லாமல்.

இப்படித் துண்டுகளைப் பகிரும் பழக்கம் நம் காலத்தில் முளைத்ததல்ல. கேம்பிரிட்ஜில் 1949-இல் ஓடத் தொடங்கிய எட்சாக் கணினிக்கு, அடிக்கடி தேவைப்படும் துணை நிரல்களைக் காகித நாடாவில் துளையிட்டு எஃகு அலமாரியில் வைத்திருந்தார்கள். வேண்டியவர் எடுத்துப் பிரதி செய்துகொள்ளலாம். 1951-இல் வில்க்ஸ், வீலர், கில் மூவரும் வெளியிட்ட புத்தகத்தில் ஒவ்வொரு துணை நிரலுக்கும் எத்தனை நினைவக இடம், எவ்வளவு நேரம் என்ற விவரங்கள் இருந்தன. நிபந்தனை எழுதாமல் நாடாவை மட்டும் கொடுக்கலாம் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. நமக்கு எப்படியோ தோன்றிவிட்டது.

ஜாவா உலகில் ஒரு துண்டு உண்டு. பைட் எண்ணிக்கையைக் கிலோபைட், மெகாபைட் என்று படிக்கும்படி மாற்றித் தருவது. 2010-இல் ஒருவர் ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் எழுதினார்; அந்தத் தளத்திலிருந்து மிக அதிகமாகப் பிரதி எடுக்கப்பட்ட ஜாவா துண்டு அதுதான் என்று பின்னர் ஓர் ஆய்வு கண்டது. 2019-இல் எழுதியவரே, அதில் பிழை இருக்கிறது என்று விளக்கினார்: 999999 பைட் கொடுத்தால் 1.0 எம்பி என்று வராமல் 1000.0 கேபி என்று வரும். அவர் தன் பதிலைத் திருத்திக்கொள்ளலாம். ஊரெல்லாம் பரவிய பிரதிகளை யார் திருத்துவது? கோப்பின் அளவு என்பதால் யாருக்கும் நஷ்டமில்லை. அதே பிசகு ஒரு காண்ட்ராக்டில் இருந்தால், போன காசைத் திரும்பப் பெற்றுத் தர வங்கி மேலாளர் என்று ஒருவர் கிடையாது.

ஒழுங்காகப் பகிரப்பட்ட ஒன்றையும் சொல்ல வேண்டும். காண்ட்ராக்ட்களைச் சோதிக்கும் கருவியான ஹார்ட்ஹேட்டை ஓட்டினால் சோதனைக் கணக்குகள் தயாராக வந்து நிற்கும். அவற்றின் மூலச் சொற்றொடர் ‘டெஸ்ட்’ பதினொரு முறை, கடைசியில் ‘ஜங்க்’. உலகத்தில் எல்லோருக்கும் அதே கணக்குகள், அதே பிரைவேட் கீகள். இவை பகிரங்கமானவை, நிஜச் செயினில் இவற்றுக்குப் பணம் அனுப்பினால் போனது போனதுதான் என்று ஓட்டும்போதே திரையில் எச்சரிக்கை வரும். எச்சரிக்கையும் துண்டும் பிரியாமல் ஒன்றாகவே வருகின்றன. அப்படியும் இந்தக் கீகளில் ஒன்றை வைத்து டெஸ்ட்நெட்டில் ஓட்டிய ஸ்கிரிப்டை நண்பருக்கு அனுப்பி, அவர் அதையே மெயின்நெட்டில் ஓட்டுவது நடக்கத்தான் செய்கிறது. அந்த முகவரிகளை எந்நேரமும் பார்த்துக்கொண்டிருக்கும் பாட்கள் பணம் வந்த மறுகணம் வழித்துக்கொள்ளும்.

இப்போது ஜூனியர்கள் ஆளிடம் கேட்பது குறைந்து, ஏஐயிடம் கேட்பது கூடியிருக்கிறது. அதில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. பல நேரம் மனிதர்களைவிடப் பொறுமையாகப் பதில் சொல்கிறது. ஆனால் அது படித்தது நாம் தேதி போடாமல் விட்டுவந்த துண்டுகளைத்தானே. மூடிப் பல காலமான ராப்ஸ்டன் டெஸ்ட்நெட்டுக்கு இணைப்பு கொடுக்கும், தேவையில்லாத இடத்தில் சேஃப்மேத்தைச் சேர்க்கும். அதனால் எங்கள் குழுவில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். எங்கிருந்து எடுத்து ஒட்டினாலும் மேலே ஒரு கமெண்ட் வேண்டும்: கம்பைலர் பதிப்பு, செயின், டெசிமல், ஓட்டிப் பார்த்த தேதி, ஓட்டியவர் பெயர். முதல் மூன்றையும் ஏஐயே எழுதிக் கொடுத்துவிடுகிறது. தேதியைப் பையன்கள் போட்டுவிடுகிறார்கள். பெயர் போடச் சொன்னால்தான் “ஒரு நிமிஷம்ணா, இன்னொரு தடவை ஓட்டிப் பாத்துடறேன்” என்கிறார்கள்.