வெள்ளை அடித்தல்

எங்கள் ஊரில் சுவருக்கு எந்த நிறம் பூசினாலும் அதற்குப் பெயர் வெள்ளை அடித்தல்தான். நீலம் பூசினாலும் வெள்ளை அடித்தல், பச்சை பூசினாலும் வெள்ளை அடித்தல். எல்லாவற்றையும் சுண்ணாம்பில் கரைத்துப் பூசிய காலத்துப் பேச்சு அது. பெயின்ற் வாளிகள் வந்த பிறகும் பேச்சு மாறவில்லை.

யாழ்ப்பாணம் சோனகர் தெருவை அண்டிய ஓர் ஒழுங்கையில் எங்கள் வீடு இருந்தது. நோன்புக்குப் பத்துப் பதினைந்து நாள் இருக்கும்போதே வாப்பா சுண்ணாம்பு வாங்கி வந்துவிடுவார். பாதியாக வெட்டிய பீப்பாயில் கட்டிச் சுண்ணாம்பைப் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் அது சீறிக்கொண்டு கொதிக்கும். எங்களைக் கிட்ட விடமாட்டார். ஆறிய பின் பழைய சாரத்துணியில் வடித்து, உடுப்புத் துவைக்கிற நீலத்தைக் கரைத்து ஊற்றுவார். ஹோலுக்கு நீலம், அறைகளுக்குப் பச்சை அல்லது மஞ்சள். விறாந்தைக்கும் குசினிக்கும் மட்டும் வெறும் வெள்ளை.

வாப்பா தையற்காரர். நிறத்தில் அவருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. கடைக்கு ஒரு துணி வந்தால் அதற்கு ஏற்ற நூலை உள்ளே நின்று எடுக்கமாட்டார். துணியையும் நாலைந்து நூற்கட்டைகளையும் தூக்கிக்கொண்டு வாசற்படிக்கு வந்து, வெயிலில் வைத்துப் பார்த்துத்தான் எடுப்பார். "டியூப் லைற்றில ஒண்டாத் தெரியும் மகன். வெளியில கொண்டு வந்தாத்தான் ரெண்டும் சண்டை பிடிக்கிறது தெரியும்" என்பார். அந்தப் பேச்சு இருபத்து மூன்று வருடங்களுக்குப் பிறகு எனக்கு உதவும் என்று அப்போது தெரியாது.

1990 மார்ச் கடைசியில் நோன்பு தொடங்கியது. அந்த முறையும் ஹோலுக்கு நீலம் அடித்தார். அதே வருடம் ஒக்டோபர் 30ஆம் திகதி, துப்பாக்கியோடு வந்தவர்கள் எங்களுக்கு இரண்டு மணி நேரம் தந்தார்கள். அதைப் பற்றி நம்மவர்கள் நிறைய எழுதிவிட்டார்கள், நான் நீட்டப் போவதில்லை. உம்மா வீட்டைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டதை மட்டும் சொல்ல வேண்டும். பூட்டும்போது ஹோலைத் திரும்பிப் பார்த்தார். அவர் கடைசியாகப் பார்த்தது அந்தச் சுவரைத்தான்.

புத்தளத்தில் முதல் சில வருடங்கள் எங்களுக்குச் சுவரே இருக்கவில்லை. கிடுகு வேய்ந்த கொட்டில். கிடுகுக்கு என்ன நிறம் பூசுவது? புதிதில் மஞ்சள், பிறகு மண் நிறம், மாரிக்குப் பிறகு கறுப்பு. அது தானாகவே மாறிக்கொள்ளும். ஆண்கள் படுக்கும் பக்கத்தையும் லாத்தாமார் படுக்கும் பக்கத்தையும் பிரிக்க உம்மா தன்னுடைய கருஞ்சிவப்புச் சாரி ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். பகலில் கிடுகு ஓட்டைகளால் வரும் வெளிச்சம் அதில் பட்டு, அந்தப் பக்கத்தில் இருப்பவர்களின் முகமெல்லாம் சிவந்து தெரியும். முகாமில் எங்களுக்கு இருந்த ஒரே நிறச் சுவர் அதுதான்.

பிறகு வாடகை வீடுகள். மூன்று வீடு மாறினோம். மூன்றும் கிறீம் நிறம். ஆணி அடிக்கக் கூடாது, சுவரில் எண்ணெய்த் தலை படக் கூடாது, போகும்போது வந்த மாதிரியே கொடுக்க வேண்டும். கிறீம் ஒரு நல்ல நிறம், அதில் பிழை இல்லை. யாருக்கும் பிடிக்காமல் போகாத நிறம். அடுத்து வருபவருக்காகப் பூசிவைத்த நிறம். வாப்பா மௌத்தானதும் அப்படி ஒரு கிறீம் சுவரைப் பார்த்துக்கொண்டுதான். அவரும் அதில் கை வைக்கவில்லை.

யுத்தம் 2009 மே மாதத்தில் முடிந்தது. அடுத்த வருடம் உம்மாவைக் கூட்டிக்கொண்டு வீடு பார்க்கப் போனேன். கூரை இல்லை. கதவு இல்லை, யன்னல் இல்லை, நிலையைக்கூடப் பெயர்த்து எடுத்திருந்தார்கள். ஹோல் சுவரில் ஓர் அரசங்கன்று வேர்விட்டு நின்றது. உம்மா இருபது வருடம் காவிய திறப்புக்கு அங்கே வேலை இருக்கவில்லை.

பாசி படிந்த சுவரை ஒரு சிரட்டைத் துண்டால் சுரண்டிப் பார்த்தேன். கறுப்புக்குக் கீழே நீலம் இருந்தது. மேலும் சுரண்ட, இன்னொரு நீலம். அதற்கும் கீழே பச்சை, பிறகு காவி மஞ்சள். ஒரு விரல் நகத்தின் தடிப்பில் எங்கள் வீட்டின் எத்தனையோ நோன்புகள் இருந்தன. உம்மா கிட்ட வந்து விரலால் தொட்டுச் சொன்னார்: "இந்தப் பச்சை உன்ட பெரிய லாத்தாட கலியாணத்துக்கு அடிச்சது. இந்த மஞ்சள் நீ பிறந்த வருஷம்."

மேலே இருந்த நீலத்தைக் காட்டி, "இதுதானே உம்மா கடைசியா அடிச்சது?" என்று கேட்டேன்.

அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். "இது இல்ல மகன். இதவிட நீலம்."

மழையும் வெயிலும் இருபது வருடம் அடித்த சுவர், வெளிறாமல் இருக்குமா என்று சமாதானம் சொன்னேன். குர்ஆன் வைக்கும் மாடக்குழி மழை படாத இடம். அதன் உட்பக்கத்தைத் துடைத்துக் காட்டினேன். அங்கே நிறம் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. உம்மா அதையும் ஏற்கவில்லை. "இதவிட நீலம்."

வீட்டைத் திருத்தும் வேலையை 2012இல் தொடங்கினோம். கூரைக்கும் கதவு யன்னலுக்கும் காசு அனுப்பியவர் கட்டாரில் இருக்கும் நானா. பூச்சு வேலை முடிந்து நிறம் பற்றிய பேச்சு வந்ததும் தொலைபேசியில் சொன்னார்: "கிறீம் அடி. நாளைக்கு விக்கிறதெண்டா வாங்க வாறவன் முகம் சுளிக்கக் கூடாது." அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பிள்ளைகளின் பள்ளிக்கூடம் புத்தளத்தில், என் தொழில் புத்தளத்தில், வாப்பாவின் கப்றும் புத்தளத்தில். ஒழுங்கையில் பாதி வீடுகள் இன்னும் இடிந்தபடியே கிடந்தன, சில கைமாறிவிட்டன. விற்பதைப் பற்றிப் பேசாத குடும்பம் எங்களில் எது?

உம்மாவிடம் கேட்டேன். "நீலம் அடி" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

எந்த நீலம்? சுவரில் இருந்த நீலமா, அவருடைய நினைவில் இருக்கும் நீலமா?

எனக்கு விடை தந்தவர் பெயின்ற் அடிக்க வந்த மனிதர். ஊர்க்காரத் தமிழர், அறுபது வயதைத் தாண்டியவர், சின்ன வயதில் சுண்ணாம்பு அடித்துப் பழகிய கை. மாடக்குழியைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஐயா, சுண்ணாம்பில கடும் நீலம் வராது. சுண்ணாம்பே வெள்ளைதானே. நீலத்தைக் கூட்டினால் சுவரில பிடிக்காது, சாய்ஞ்சால் முதுகெல்லாம் நீலமாகும். ஆனால் அடிச்ச உடனே ஈரத்தில பார்த்தால் அம்மா சொல்லுற மாதிரித்தான் கடும் நீலமா இருக்கும். விடியக் காய்ஞ்சு வெளிறிப் போகும்."

அவர் சொன்னது சரி. துவைக்கிற நீலத்தில் இருப்பது அல்ட்ராமரீன் என்ற சாயப்பொடி. அது சுண்ணாம்பின் காரத்தைத் தாங்கும். பிரஷ்யன் நீலம் என்று இன்னொன்று உண்டு, அது காரம் பட்டால் பழுப்பாகிவிடும். ஆனால் தாங்குகிற நீலத்தையும் சுண்ணாம்போடு பத்தில் ஒரு பங்களவுக்கு மேல் சேர்த்தால் பூச்சு மாவாக உதிரும். அப்படியானால் உம்மா மனதில் வைத்திருந்தது ஈரச் சுவர். வாப்பா தும்பு மட்டையைக் கீழே வைத்துவிட்டு "எப்பிடி?" என்று கேட்டிருக்கக்கூடிய அந்த மாலை நேரத்துச் சுவர். காய்ந்த சுவரில் ஏழு மாதம் குடியிருந்தும் அவர் அதை நினைவில் வைக்கவில்லை.

காயாத நீலத்தையே அடிப்பது என்று முடிவு செய்தேன். இன்றைய பெயின்றில் அது முடியும். ஆனால் எளிதல்ல. கடும் நிறத்துக்கென்று கடையில் தரும் அடிப்படைப் பெயின்றில் டைட்டானியம் டயொக்சைட்டு என்ற வெள்ளைச் சாயம் மிகக் குறைவு. வெள்ளை இருந்தால் நிறம் வெளிறும். ஆனால் கீழே இருப்பதை மறைக்கிற சக்தியும் அந்த வெள்ளையில்தான் இருக்கிறது. அதனால் கடும் நிறம் ஒரு கண்ணாடி மாதிரி, அடிச்சுவரின் குறையெல்லாம் தெரியும். முதலில் சாம்பல் நிறத்தில் ஒரு கை அடித்து, அதன் மேல் நீலத்தை மூன்று நான்கு கை அடிக்க வேண்டும். கிறீமுக்கு இரண்டு கை போதும்.

அவசரப்பட்டது நான். புதிய பூச்சு நாலு கிழமையாவது காய வேண்டும் என்பார்கள். எங்கள் சுவரோ இருபது வருடம் மழை குடித்த சுவர். மாரி முடிந்த கையோடு அடிக்கச் சொன்னேன். இரண்டு மாதத்தில் நீலத்துக்குள் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்தது. கிறீம் சுவரென்றால் கண்ணில் பட்டிருக்காது. நீலத்தில் அது தேமல் மாதிரித் தெரிந்தது. பெயின்ற்றர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. சுரண்டினார், உப்பைத் தூரிகையால் உலரவே தட்டி எடுத்தார், "சித்திரை வெயில் குடிக்கட்டும்" என்று சொல்லிப் போய்விட்டார்.

அந்த இடைவெளியில் வாப்பாவின் நூற்கட்டைப் பாடத்தை நினைத்தேன். ஓர் ஒட்டுப்பலகைத் துண்டில் நீலத்தை அடித்து, அதை ஹோல் முழுக்க நகர்த்திப் பார்த்தேன். ஸுபஹ் நேரத்தில் அது கறுப்பு. லுஹரில் ஊதா. காரணம் புரிய இரண்டு நாள் எடுத்தது. எங்கள் தரை பழைய சிவப்புச் சீமெந்து. உச்சி வெயில் வாசலால் தரையில் விழுந்து, சிவப்பைத் தூக்கிக்கொண்டு சுவரில் ஏறுகிறது. சுவரில் இருக்கும் நீலத்தோடு தரையின் சிவப்புச் சேர்ந்தால் ஊதாதானே. கடைக்குப் போய் நீலத்தில் ஒரு துளி பச்சை கூட்டச் சொன்னேன். அதற்குப் பிறகு லுஹரில் நீலம் நீலமாக நின்றது. அஸருக்கு மேற்கு யன்னலால் வரும் வெளிச்சத்தில்தான் அது முழுதாகத் திறந்தது.

2013 ஜூலையில் நோன்பு வந்தது. அதற்கு முந்திய கிழமை வேலை முடிந்தது. மேல்தட்டும் விறாந்தையும் வெள்ளை, ஹோலின் நாலு சுவரும் நீலம், மாடக்குழியின் உட்பக்கம் மட்டும் சுரண்டாமல், பூசாமல் வாப்பா அடித்தபடியே. உம்மா கதிரையைப் போட்டு நடு ஹோலில் இருந்தார். கையை நீட்டிச் சுவரைத் தொட்டார்.

"காயல்லயா இன்னும்?"

"காய்ஞ்சிட்டு உம்மா."

"காய்ஞ்சும் இப்பிடியே நிக்குதா?"

"நிக்கும்."

அவர் அழுதார் என்று எழுத ஆசையாக இருக்கிறது. அழவில்லை. "வாப்பாக்குக் காட்டியிருக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

அயலவர்கள் வந்து பார்த்தார்கள். கொஞ்சம் கூடிப்போச்சு என்றவர்களும் இருந்தார்கள். எனக்கு அப்போது கேப் டவுன் நகரின் போ-காப் தெருக்களின் படங்கள் நினைவுக்கு வந்தன. தென்னாபிரிக்காவின் முதல் பள்ளிவாசலான அவ்வல் மஸ்ஜித் 1794இல் எழுந்த இடம் அது. ஒல்லாந்தர் காலத்தில் ஜாவா, இந்தியா, இலங்கை ஆகிய இடங்களிலிருந்து அடிமைகளாகவும் நாடு கடத்தப்பட்டும் கொண்டுபோகப்பட்டவர்களின் வழி வந்தவர்கள் அங்கே வாழ்கிறார்கள். வாடகைக்கு இருந்தவரை அந்த வீடுகள் வெள்ளையாகவே இருக்க வேண்டியிருந்ததாம். சொந்தமாக வாங்க முடிந்த பிறகுதான் ஒவ்வொருவரும் சிவப்பு, பச்சை, ஊதா என்று அடித்தார்களாம். அங்கே அப்படித்தான் சொல்லப்படுகிறது. மூன்று கிறீம் வீடுகளில் இருந்து வந்த எனக்கு அதை நம்புவதில் சிரமம் இருக்கவில்லை. கடும் நிறம் அடிப்பவன் அடுத்து வருபவனைப் பற்றி யோசிக்கவில்லை, தான் இருக்கப் போகிறேன் என்றுதான் சொல்கிறான்.

நானா அடுத்த வருடம் வந்தார். வாசலில் நின்று பார்த்தார். நிறத்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. அஸர் தொழுதுவிட்டு அப்படியே சுவரில் சாய்ந்து இருந்தார், மஃரிப் வரை இருந்தார். விற்கும் பேச்சை அவர் அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

உம்மா 2017இல் மௌத்தானார். அந்த வீட்டில் இப்போது நிரந்தரமாக யாரும் இல்லை. வருடத்தில் மூன்று நான்கு முறை போகிறேன். யன்னல்களைத் திறந்து காற்றுப் பிடிக்க விட்டுவிட்டு, நீலத்துக்கு நடுவில் ஒரு பாயைப் போட்டுப் படுத்திருப்பேன். இருக்கப் போகிறேன் என்று சொன்ன சுவருக்கு நடுவில் இரண்டு நாள் இருந்துவிட்டு வருகிறேன்.

புத்தளத்தில் நாங்கள் இப்போது சொந்த வீடு கட்டியிருக்கிறோம். போன வருடம் மகள் தன்னுடைய அறைக்கு நிறம் அடிக்க வேண்டும் என்றாள். யாழ்ப்பாணத்து நீலத்தின் இலக்கம் எழுதிய துண்டு பத்திரமாக இருக்கிறது என்று எடுத்துக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தாள். "அது அங்கத்தைய நிறம் வாப்பா" என்றாள். அவள் எடுத்தது மஞ்சள். மஞ்சளை அரைத்து அப்பியது போன்ற கடும் மஞ்சள். மாதிரி அட்டையை எடுத்துக்கொண்டு, நான் சொல்லிக்கொடுக்காமலே வாசற்படிக்குப் போய் வெயிலில் வைத்துப் பார்த்தாள்.

இரண்டு கையில் மூடவில்லை. நாலு கை அடித்தோம்.